சுவரைப் பார்த்து நின்ற ஜெனரல்

இன்று காலை நூலகத்தின் பின்கட்டில் பசை காய்ச்சினேன். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, இறக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுவது. பசை லேசாக நீலம் பாய்ந்ததும் அந்த வாடை வந்தது. கஞ்சியும் செம்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. உனக்கு அது ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். "அடுப்ப அணைச்சிட்டு கூப்புடுடீ செல்வி, நான் வெளிய நிக்கிறேன்" என்பாய். இன்று அடுப்பை அணைத்தேன், கரண்டியைக் கழுவி வைத்தேன், முதுகு கிழிந்த புத்தகங்களை எடுத்து மேசையில் அடுக்கினேன். கூப்பிட யாரும் வாசலில் இல்லை என்பது, புத்தக முதுகில் துணி ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தது என்பதும் பெரிய சொல். தெரிந்தது, அவ்வளவுதான்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை. இதை உன்னிடம் சொல்லலாம், நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், உள்ளயே அடக்கி வச்சிருக்காங்க" என்கிறார்கள். அடக்கி வைக்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். பஸ்ஸைத் தவறவிடாமல் வேலைக்கு வருகிறேன். ஆனால் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தை மாட்டியாகிவிட்டது. எப்படி மாட்டினோம் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி மகள் நான். நூலகப் படிப்பு படித்திருந்தேன், பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. நூலகமோ பழைய சொல்தாக்களின் சங்கம் நடத்துவது. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய தமிழர்களை நாம் இன்றும் சொல்தா என்றுதானே சொல்கிறோம். அவர்களுடைய நூலகத்தில் பாதிக்கு மேல் பிரெஞ்சுப் புத்தகம். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள், அங்கே நூலகராக இருந்தவள் நீ. சொல்தா வீட்டுப் பெண், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். நான் பயந்துகொண்டே, "மேடம், எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்றேன். நீ கையில் இருந்த புத்தகத்தை என்னிடம் நீட்டினாய். "நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க தலைப்பைப் படிச்சிட்டு வச்சிடுறாங்க. நீ புத்தகத்தப் பாப்ப. அப்புறம், மேடம் கீடம்லாம் வேணாம், கூச்சமா கீது." அன்று மத்தியானமே நாம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம்.

அப்போது அந்த நூலகத்தில் ஜெனரலுக்கு என்று ஒரே ஓர் அலமாரிதான் இருந்தது. உலகப் போரில் தன் நாடான பிரான்சு எதிரியிடம் விழுந்த பிறகு, கடல் கடந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து வானொலியில் பேசி, போர் முடிந்துவிடவில்லை, என்னோடு வாருங்கள் என்று கூப்பிட்ட மனிதர். அந்தக் குரல் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. இங்கிருந்தும் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். உன் தாத்தாவும் ஏறினார், திரும்பியும் வந்தார். உங்கள் வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே ஜெனரலின் படம் தொங்கும். முதல் முறை உன் வீட்டுக்கு வந்தபோது, "இவரு எந்தப் புனிதர்?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புனிதர்லாம் இல்லடீ. எங்க தாத்தாவுக்கு மேல ஆபீசர். ஆனா தாத்தா மெழுகுவத்தி ரெண்டு பேருக்கும்தான் ஏத்துவாரு."

அந்த ஓர் அலமாரியை ஓர் அறையாக ஆக்கியது நீதான். சொல்தா குடும்பங்கள் ஒவ்வொன்றாக பிரான்சுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. பெரியவர்கள் இறந்ததும் பிள்ளைகள் வந்து வீட்டை விற்றுவிட்டுப் போவார்கள். புத்தகங்கள் எடைக்குப் போகும், படங்கள் குப்பைக்குப் போகும். அதற்கு முன்னால் நாம் போய்விட வேண்டும் என்பாய். உன் ஸ்கூட்டரின் பின்னால் காலியான சாக்குப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். கோயிலில் யாருக்காவது அடக்கப் பூசை என்று மணி அடித்தால், நீ ஜெபத்தை முடித்த கையோடு, "அவங்க வீட்டுல ஜெனரல் பேசின ரெக்கார்டு ஒண்ணு இருந்துது" என்பாய். நான் உன்னை முறைப்பேன்.

ஆனால் எந்த வீட்டிலும் நீ நேராகப் பொருளைக் கேட்டதில்லை. முதலில் உட்காருவாய். காப்பி கொடுத்தால் குடிப்பாய். "புத்தகம் எங்கயும் ஓடிடாது. மொதல்ல உங்க அப்பாவப் பத்திச் சொல்லுங்க" என்பாய். அவர்கள் சொல்லச் சொல்ல, ஜெனரலின் பேச்சுகள் அச்சான பழைய துண்டுத்தாள், அவர் முகம் போட்ட தபால்தலை, நறுக்கி ஒட்டிய செய்தித்தாள் எல்லாம் தாமாகவே பெட்டிக்குள் இருந்து வெளியே வரும். அப்படித்தான் வளர்ந்தது அந்தச் சேகரிப்பு. அவருடைய பேச்சை நீ மனப்பாடமாகச் சொல்வாய். பரணில் தூசு தட்டும்போது அவர் குரலிலேயே, மூக்கால், நீட்டி நீட்டிப் பேசிக் காட்டுவாய். எனக்கு அர்த்தம் புரியாது. ஆனாலும் எழுந்து நிற்க வேண்டும் போல இருக்கும்.

சாரம் பகுதியில் ஆரோக்கியமேரி அம்மாள் வீட்டுக்குப் போனதும் அப்படி ஒரு நாளில்தான். கான்வென்ட் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தனியாக இருந்தார். அவருடைய அப்பா சவரிமுத்து, மனைவி கர்ப்பமாக இருக்கும்போது படைக்குப் போனவர். பாலைவனத்தில் சண்டை என்று ஒரு செய்தி வந்தது, அப்புறம் செய்தியே இல்லை, அப்புறம் இறந்துவிட்டதாக வந்தது. அப்பாவை மகளும் மகளை அப்பாவும் பார்த்ததே இல்லை.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் கண் சுவரில் இருந்தது. சாமி படங்களுக்கு நடுவில் ஒரு சட்டம் தொங்கியது. அதில் படம் இல்லை. பழுப்பு அட்டையும் துருப்பிடித்த ஆணிகளும் மட்டும் தெரிந்தன. யாரோ தெரியாமல் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, "அம்மா, அது பொரண்டு கெடக்குது" என்றேன்.

"பொரளல, கண்ணு" என்றார் அவர். "எங்கம்மா மாட்டுனதே அப்புடித்தான். அப்பா செத்ததுக்கு அப்புறம் அந்த ஜெனரல் படத்த ஒரு ஆபீசர் கொண்டாந்து மரியாதையா கையில குடுத்துட்டுப் போனாராம். தூக்கிப் போடவும் அம்மாவுக்கு மனசு வரல. மொகத்தப் பாக்கவும் முடியல. பள்ளிக்கொடத்துல வாத்தியாரு பையன செவுத்தப் பாத்து நிக்க வப்பாரு இல்ல, அந்த மாதிரி நிக்க வச்சிட்டாங்க. 'எம் புருசன கூப்ட்டாரு இல்ல, திருப்பி அனுப்புற வரைக்கும் நிக்கட்டும்'னு."

நான் சிரிக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்தப் பழுப்பு அட்டையின் முன்னால் நின்றாய்.

"எங்களுக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டாய். வேறு எந்த வீட்டிலும் நீ இப்படி உடைத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் சட்டத்தை ஏறிட்டுப் பார்த்தார். "எனக்கு அப்புறம் யாரு வச்சிக்கப் போறாங்க, எடுத்துக்குங்க. ஆனா நேரா மாட்டக் கூடாது. எங்கம்மா குடுத்த தண்டன அது. அத ரத்து பண்ண எனக்கே உரிமையில்ல."

"நேரா மாட்ட மாட்டோம்" என்றாய் நீ. "வாக்கு."

நூலகத்துக்கு வந்து தூசு துடைக்கும்போது சட்டத்தைத் திருப்பினோம். நீ மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. நம்மிடம் இருந்த ஜெனரல் படங்கள் எல்லாம் இந்தக் கடற்கரை வெளிச்சத்தில் வெளுத்து, முகம் எது தொப்பி எது என்று தெரியாமல் போயிருந்தன. இது மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தது. வெளிச்சமே படாத படம். தோள்பட்டை நட்சத்திரங்கள், கண்ணுக்குக் கீழே தொங்கிய சதை, எல்லாம் துல்லியம். "பாத்தியாடீ" என்றாய் மெதுவாக. "கும்புட்டவங்க எல்லாரும் வெளுக்க வுட்டுட்டாங்க. கோச்சிக்கிட்ட ஒருத்திதான் பத்திரமா வச்சிருந்திருக்கா."

பிரச்சினை கமிட்டியில் வந்தது. சங்கத் தலைவர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐயா என்று சொல்லாமல் பிரெஞ்சில் மொசியே என்றுதான் அவரைக் கூப்பிடுவாய். அவருடைய அப்பா ஜெனரலின் படையில் சண்டை போட்டு ஒரு காலை இழந்து வந்தவர். தலைவர் கெட்டவர் இல்லை, உனக்கும் அது தெரியும். நூலகத்தில் மழை ஒழுகினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் வாளி தூக்குகிறவர். ஆனால் அன்றைக்கு மேசையைத் தட்டினார்.

"பிரான்சுலேர்ந்து ஆளுங்க வந்து பாக்குற எடம் இது. அவங்க முன்னாடி ஜெனரல் முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாரா?"

"முதுகு அவரோடது இல்லீங்க மொசியே, சட்டத்தோடது" என்றாய் நீ.

மற்றவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எங்க அப்பா கட்டக்காலோட தெருவுல நடந்தப்ப ஊரே எழுந்து நின்னுச்சு. அந்த மரியாதையக் குடுத்தது யாரு? அவருதான். இந்த நூலகம் அவரு பேரக் காப்பாத்துறதுக்கு. அவமானப்படுத்துறதுக்கு இல்ல."

"அவரு பேச்ச நம்பித்தான் உங்க அப்பாவும் போனாரு, எங்க தாத்தாவும் போனாரு, சவரிமுத்துவும் போனாரு" என்றாய். உன் குரல் உயரவே இல்லை. "ரெண்டு பேரு வந்தாங்க, ஒருத்தரு வரல. வந்தவங்க வீட்டுப் பொருள மட்டும் வச்சா அது சாமி அறைங்க. லைப்ரரி இல்ல. எனக்கு அவரு மேல உங்களவிடக் கொறஞ்ச மரியாதை இல்ல. அவரு பெரிய ஆளுங்கிறதாலதான் சொல்றேன், இதயும் தாங்குவாரு."

முடியாது என்றார் தலைவர். நேராக மாட்டு, இல்லை திருப்பிக் கொடு. நீ இரண்டையும் செய்யவில்லை. படத்தைத் துணியில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாய். "இன்னும் பேச்சு முடியல" என்றாய்.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கமிட்டிக் கூட்டமும் எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கு, கூரை, கரையான் மருந்து எல்லாம் பேசி முடித்து, டீ வந்து, நாற்காலி நகர்த்தும் சத்தம் கேட்கும்போது நீ சொல்வாய், "கடைசியா ஒண்ணு." தலைவர் கையைத் தூக்கிவிடுவார். "அது வேணாம்மா." "சரிங்க மொசியே, அடுத்த கூட்டத்துல கேக்குறேன்." கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. வருடக்கணக்காக. ஒருமுறை திரும்பும் வழியில் கேட்டேன், உனக்கு அலுக்கவில்லையா என்று. கடல்காற்றில் உன் பதில் பாதிதான் காதில் விழுந்தது. "அந்தம்மா எவ்ளோ வருசம் நிக்க வச்சிருந்தாங்க..." என்று ஏதோ சொன்னாய்.

உன் அக்கா தங்கைகள் எல்லோரும் பாரீசுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். உனக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சேகரிப்புக்கென்று எழும்பும் இந்த அறை முடியட்டும் என்பாய். புதிய அறைக்கு அலமாரிகள் செய்ய ஆரம்பித்தபோதுதான் உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அப்போதாவது போ என்று நான் சொன்னேன். அங்கே வைத்தியம் நன்றாக இருக்கும் என்றேன். "பிரான்சுல குளுருடீ" என்று சொல்லிவிட்டு, தச்சரிடம் அலமாரியின் அடித்தட்டு தரையில் இருந்து ஒரு சாண் உயரம் இருக்கணும், மழைத் தண்ணி ஏறும் என்று விளக்கப் போய்விட்டாய்.

அப்புறம் உன்னால் வர முடியவில்லை. நீ இல்லாமல் ஒரு கூட்டம் நடந்தது. உன் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. புதிய அறையை எப்போது திறப்பது என்று பேசினார்கள். டீ வந்தது. நான் எப்போதும் போல ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அத்தனை வருடத்தில் கமிட்டியில் நான் வாய் திறந்ததில்லை, திறக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

"கடைசியா ஒண்ணு" என்றேன்.

எனக்கே என் குரல் வேறு எங்கிருந்தோ வந்தது போல இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் கையைத் தூக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவங்க சொல்லி அனுப்புனாங்களா?"

"இல்லீங்க. நான்தான் கேக்குறேன்."

அவர் வெகுநேரம் உன் நாற்காலியைப் பார்த்தார். "அந்தப் படத்துக்காரம்மா உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப அவங்களே வந்து மாட்டட்டும்" என்றார். "என் கையால செய்ய மாட்டேன். தடுக்கவும் மாட்டேன்."

அங்கிருந்து நேராக உன்னிடம் வந்தேன். நீ வீட்டிலேயே, கூடத்துக் கட்டிலில் இருந்தாய். வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். பாரீசில் இருந்து வந்த உன் அக்கா காலடியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் உன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். நீ கண்ணைத் திறந்தாய். என்னைப் பார்த்தாயா, என் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாயா, தெரியவில்லை.

"ஜன்னல சாத்துனியா?" என்றாய். "சாரல் அடிக்குது. புத்தகத்து மேல படும்."

வெளியே மழை இல்லை. "சாத்திட்டேன்" என்றேன்.

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அது போதாது என்று நான் நினைத்ததில்லை. போதும் என்றும் நினைத்ததில்லை.

உன் அடக்கத்தன்று கோயில் நிறைந்திருந்தது. நீ சாக்குப் பையோடு ஏறி இறங்கிய வீடுகளில் எஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உன் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சும் தமிழும் கலந்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பாடகர் குழுவில் ஒருவர் சுருதி விலகிப் பாடினார், அதைக் கவனித்தேன். பீடத்து விரிப்பின் ஓரத்தில் மெழுகு சிந்தியிருந்தது, அதை எதை வைத்துச் சுரண்டலாம் என்று யோசித்தேன். மண் போடும்போது எல்லோரையும் போல நானும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். மறுநாள் வேலைக்கு வந்து பீரோவைத் திறந்து, படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டினேன்.

அறை தயாரானதும் ஆரோக்கியமேரி அம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். திறப்பு விழாவுக்கு முன்னால், வெளியாட்கள் யாரும் இல்லாத ஒரு காலையில் வரச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். முன்பு பார்த்ததைவிடப் பாதியாக இருந்தார். முதலில் உன்னைத்தான் தேடினார்.

"அந்த இன்னொரு பொண்ணு எங்க?"

சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "வாக்கு குடுத்துச்சே" என்றார். அது குறை சொன்னது போலவும் இல்லை, வருத்தம் போலவும் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போல இருந்தது.

தலைவர் வாசலுக்கு அருகிலேயே நின்றிருந்தார். கோட்டும் அதில் தன்னுடைய மெடல்களும். யாருக்காக அணிந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. நான் படத்தைத் துணி பிரித்து எடுத்து, அட்டைப்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்தேன். அம்மாள் அந்தப் பழுப்பு அட்டையைத் தடவினார். சின்ன வயதில் இருந்து பார்த்த அட்டை. ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்:

"திருப்பிக் காட்டேன், கண்ணு. நான் பாத்ததே இல்ல."

எனக்குப் புரியவில்லை. "இத்தன வருசம் வீட்டுல இருந்துதேம்மா?"

"இருந்துது. அம்மா இருந்த வரைக்கும் தொட வுடல. அதுக்கப்புறம் நானே தொடல."

திருப்பினேன். அவர் முகத்தை மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். நீ அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜெனரல் முகத்தைச் சொல்லவில்லை. ஏதோ ஒரு கல்யாண வீட்டில் இத்தனை காலம் பெயர் மட்டும் கேள்விப்பட்ட சம்பந்தியைப் பார்ப்பது போல, மேலும் கீழுமாக, நிதானமாக அளந்தார்.

"மூக்கு இவ்ளோ பெருசா" என்றார். பிறகு, "இவருக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"

எனக்குப் பதில் தெரியும். உன் வாயால் கேட்ட கதைதான். ஆனால் நான் சொல்வதற்கு முன்னால் தலைவர் வாசலில் இருந்து இரண்டு எட்டு உள்ளே வந்தார்.

"இருந்துதுங்க அம்மா. அதுல ஒரு பொண்ணு பொறந்ததுலேர்ந்தே ஒடம்பு சரியில்லாத கொழந்த. மத்தவங்ககிட்ட இரும்பு மாதிரி இருப்பாரு, அந்தப் புள்ளகிட்ட மட்டும் பாட்டுப் பாடுவாராம். அது வளந்து வர்ற வயசுலயே போயிடுச்சி."

அம்மாள் படத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் அவர் மனம் மாறிவிடுவார் என்று நினைத்தேன். தலைவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் அம்மாள். கண்ணாடியின் மேல் இருந்த தூசை முந்தானையால் துடைத்தார். குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத்தான் துடைத்தார். "சரி. பழையபடியே மாட்டிடலாம். அம்மா சொன்னது சொன்னதுதான்."

முக்காலி போட்டேன். அவரால் ஏற முடியவில்லை. கீழே நின்று கையைத் தூக்கினால் கொக்கி எட்டவில்லை. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் முக்காலியில் ஏற மனம் வரவில்லை, கீழே நின்றால் எனக்கும் எட்டாது, என் உயரம் உனக்குத் தெரியுமே. அம்மாள் சட்டத்தை இறக்காமல் உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். அப்போது தலைவர் வந்தார். அம்மாள் கைக்கு மேலே தன் கையைக் கொடுத்து, சட்டத்தைத் தூக்கி, கயிற்றைக் கொக்கியில் மாட்டினார். ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைச் சரிசெய்தார். பின்னால் தள்ளி நின்று, காலைச் சேர்த்து வைத்து, அந்தப் பழுப்பு அட்டைக்கு ஒரு சல்யூட் அடித்தார். யாருக்கு அடித்தார் என்பதையும் நான் கேட்கவில்லை.

படத்தின் கீழே வைக்க ஓர் அட்டை எழுதியிருந்தேன். தமிழிலும் பிரெஞ்சிலும். "சவரிமுத்து, சொல்தா. ஜெனரலின் அழைப்பை ஏற்றுப் போனார், திரும்பவில்லை. அவர் மனைவி மாட்டியிருந்தபடியே." இத்தனை வருடத்தில் உன்னிடம் கற்றுக்கொண்டதை வைத்து பிரெஞ்சு வரியை நானே எழுதினேன். நீ இருந்திருந்தால் உன்னிடம் காட்டியிருப்பேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். வரியை அடித்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிரெஞ்சு வரியில் ஓர் எழுத்தின் தலைமேல் நான் போட மறந்திருந்த சின்னக் கோட்டைப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். "இது இல்லன்னா அர்த்தம் மாறிடும்மா" என்றார்.

இப்போது அறை திறந்துவிட்டது. தினமும் ஆட்கள் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், பிரான்சில் இருந்து பூர்வீகம் தேடி வருகிற குடும்பங்கள், வெயிலுக்கு ஒதுங்குகிற சுற்றுலாக்காரர்கள். புத்தகங்களையும் ரெக்கார்டுகளையும் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் அந்தப் படத்தருகே நின்றுவிடுகிறார்கள். சிலர் திருப்பி மாட்டச் சொல்கிறார்கள். சிலர் அட்டையைப் படித்துவிட்டு அப்படியே நிற்கிறார்கள். ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர் நாற்காலி கேட்டு வாங்கி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு பையன், அவன் கொள்ளுத்தாத்தாவும் சொல்தாவாம், தன் வீட்டில் ஏதோ பெட்டி இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் இருப்பார்களாம். போகிறேன்.

நூலகப் பதிவில் எழுதியவர் பெயருக்கு இடம் இருக்கிறது, கொடுத்தவர் பெயருக்கு இடம் இருக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர் பெயரை எழுத இடம் இல்லை. அறைக்கு உன் பெயரை வைக்கலாம் என்று தலைவரே சொன்னார். நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று நான் வேண்டாம் என்றேன். அதனால் உன் பெயர் இந்தக் கட்டடத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை.

ஆனால் வருகிறவர்களில் யாராவது ஒருவர், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து முடித்த பிறகு, இதையெல்லாம் யார் சேர்த்தது என்று கேட்கிறார்கள். நாளுக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். நான் உன் பெயரைச் சொல்கிறேன். முழுப்பெயரையும், ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து. மேலே சொல்ல எவ்வளவோ இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்லி முடித்ததும் அடுத்த வார்த்தை வருவதில்லை. வாயைத் திறந்தபடியே நிற்கிறேன். கேட்டவர்களும் எதற்கோ காத்திருப்பது போல, அவசரப்படுத்தாமல், என் எதிரில் நிற்கிறார்கள்.